அப்பாவின் தலைமாட்டில் நான் தொங்கவிட்ட சிவப்பு அட்டை

என் அப்பாவுக்குக் கடைசிப் பால் கிடைக்கவில்லை. அவர் சாவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே, ஒரு வகுப்பில் நின்று, நன்றாகத் திட்டமிட்டு, நான்தான் அதைத் தடுத்துவைத்தேன். அப்போது அது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லித் தப்பவும் முடியாது, ஏனென்றால் ஒருத்தி என்னிடம் கேட்டாள்.

வேலை செய்கிற பெரியவர்களுக்குப் பயிற்சி தயாரிப்பது என் தொழில். எதைப் படிப்பிப்பது, எதை விடுவது, படித்தது கையில் நிற்கிறதா என்று எப்படிச் சோதிப்பது என்பதையெல்லாம் நான்தான் தீர்மானிப்பேன். கடைகள், ஆலைகள் என்று சுற்றிவிட்டு, கொஞ்சக் காலமாக முதியோர் இல்லங்களில் வேலை செய்யும் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தாய் தகப்பனைப் பார்க்க ஆள் தேடுகிற ஊர் எங்களுடையது. எனக்கு வேலைக்குக் குறைவில்லை.

நீர்வேலியில் உள்ள ஓர் இல்லத்தில் மூன்று நாள் வகுப்பு வைத்தேன். பன்னிரண்டு பெண்கள். நான் கொண்டுபோன பிளாஸ்டிக் பொம்மைக்கு முதல் நாளே ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். “மாப்பிள்ளைக்கு இண்டைக்கு முழுக்கு இல்லையோ ரீச்சர்?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும், ஆனாலும் மணிக்கூட்டைப் பார்ப்பேன். நேரம் தவறினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

வகுப்பில் நான் திரையில் காட்டும் முதல் படத்தில் பெரிய எழுத்தில் ஒரு வசனம் இருக்கும். ‘வளர்ந்தவர்கள் வெறுங்கையோடு வகுப்புக்கு வருவதில்லை, அவர்களுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள்.’ அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, அவர்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு வார்த்தை கேளாமல் இரண்டாவது படத்துக்குப் போய்விடுவேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

வகுப்பின் முக்கியமான பாடம் சிவப்பு அட்டை. விழுங்க முடியாதவர்களுக்கு மூக்குக் குழாயால்தான் சாப்பாடு. வாயால் கொடுத்தால் அது நெஞ்சுக்குள் இறங்கி ஆளைக் கொன்றுவிடும். பார்க்க வரும் சொந்தங்களோ ‘பாவம், ஒரு வாய்’ என்று கதலிப்பழம் ஊட்டப் பார்ப்பார்கள். ஆகவே தலைமாட்டில் ஒரு சிவப்பு அட்டை, அதில் வாயின் படம், குறுக்கே ஒரு கோடு. யார் வந்து கெஞ்சினாலும் அந்தப் பெண்கள் சொல்ல வேண்டிய மூன்று வசனங்களையும் நானே எழுதினேன். “உங்கடை கவலை எனக்கு விளங்குது. ஆனால் வைத்தியர் சொல்லாமல் வாயாலை ஒண்டும் குடுக்கேலாது. மிஸ்ஸியைக் கூப்பிடுறன்.” தாதியை இங்கே மிஸ்ஸி என்றுதான் சொல்வோம்.

அதை நடித்துப் பழக்கினேன். நான் வெளிநாட்டிலிருந்து வந்த மகள். ஒவ்வொருத்தராக வந்து என்னை மறுக்க வேண்டும். பதினொரு பேரும் சொல்லிவிட்டார்கள். புத்தூரிலிருந்து சைக்கிளில் வரும் ஓர் அக்காவுக்கு மட்டும் அது வரவில்லை. வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்றவர், புருஷன் இல்லை, படுக்கையில் கிடந்த மாமியை ஏழு வருஷம் பார்த்தவர். நான் “ஒரு வாய் தண்ணி குடுங்கோ, என்ரை அப்பா எல்லோ” என்று அழுது நடித்ததும், மனுசி கோப்பையை எடுத்துவிட்டார். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. திரும்பச் செய்யச் சொன்னேன். மூன்று முறை தோற்றார், மூன்றாவது முறை அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாலாவது முறை என் கண்ணைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொல்லி முடித்தார். நான் கை தட்டினேன்.

“அக்கா, நானே வந்து கேட்டாலும் குடுக்கப்படாது. விளங்கிச்சுதோ?” என்றேன்.

“ஓம் ரீச்சர்.”

அன்று தேநீர் இடைவேளையில் அவர் தனியாக என்னிடம் வந்தார். “ரீச்சர், சீவன் போற நேரம் பால் பருக்குறதுக்கும் இந்தச் சட்டமோ? மாமிக்கும் அம்மாவுக்கும் நான்தான் பருக்கினனான். சொட்டுச் சொட்டாய், உதட்டிலை. விழுங்கத் தேவையில்லை, நனைஞ்சால் காணும்.”

அவர் கேட்டது சரியான கேள்வி. அதற்கான பதிலும் என்னிடம் இருந்தது. கடைசி நாட்களில் என்ன செய்யலாம், வாயை எப்படிப் பஞ்சால் நனைப்பது, சொந்தக்காரர் பால் பருக்கக் கேட்டால் மிஸ்ஸியோடு முன்கூட்டியே எப்படிக் கதைத்து வைப்பது என்றெல்லாம் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். மூன்று நாளுக்குள் அடங்கவில்லை என்று அந்தப் பக்கத்தைத்தான் வெட்டினேன். பரீட்சையில் கேள்வியாகப் போட முடியாத பக்கம் அது.

“அது பாடத்திலை இல்லை அக்கா. அட்டை தொங்கினால் ஒண்டும் குடுக்கேலாது, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுப் பொம்மையைத் துடைக்கப் போனேன். அவர் அதற்கும் “ஓம் ரீச்சர்” என்றார். பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கினார்.

அதற்குப் பிறகுதான் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. பஸ் ஓட்டின மனுசன், நாளுக்கு எட்டுத் தரம் வெறுந்தேத்தண்ணி குடித்தவர். பேச்சும் விழுங்குகிற சக்தியும் ஒன்றாகப் போயின. நான் ஊர் ஊராக வகுப்புக்கு ஓடுகிறவள், வீட்டில் வேறு ஆளில்லை. என் ஆட்களே இருக்கிறார்கள் என்று அதே இல்லத்தில் கொண்டுபோய் விட்டேன். அவரைப் பார்க்கப் புத்தூர் அக்காவைத்தான் கேட்டு வாங்கினேன். தலைமாட்டில் சிவப்பு அட்டையை என் கையாலேயே தொங்கவிட்டேன். அப்பா இடது கையைத் தூக்கி, இரண்டு விரலை வாயில் வைத்துக் குடிக்கக் கேட்பார். நான் தலையை ஆட்டி இல்லை என்பேன். கையைக் கீழே போட்டுவிடுவார்.

இனி நாட்கள்தான் என்று வைத்தியர் ஒரு புதன்கிழமை சொன்னார். அன்றாவது அந்த அட்டையைக் கழற்றியிருக்கலாம். மிஸ்ஸியிடம் பால் பற்றி ஒரு வார்த்தை கதைத்திருக்கலாம். எனக்கு வெள்ளிக்கிழமை வகுப்புத்தான் நினைவில் இருந்தது. போய்விட்டுப் பின்னேரம் வந்துவிடலாம் என்று தொண்டைமானாற்றுக்குப் போனேன்.

என் வகுப்பில் ஃபோன் எல்லாம் வாசலில் உள்ள பனையோலைக் கடகத்துக்குள் போக வேண்டும். முன்மாதிரியாக என்னுடையதைத்தான் முதலில் போடுவேன். பதினொரு மணி இடைவேளையில் எடுத்துப் பார்த்தால், இல்லத்திலிருந்து ஏழு அழைப்புகள்.

திருப்பி அடித்தேன், புத்தூர் அக்காதான் எடுத்தார். “ரீச்சர், ஐயாவின்ரை மூச்சு மாறுது. மிஸ்ஸி வேறை ஆளோடை ஆசுப்பத்திரிக்குப் போயிட்டா. கெதியா வாங்கோ.”

“வாறன் அக்கா, ஓட்டோ பிடிச்சு வாறன். அப்பாவுக்கு ஒரு சொட்டுப் பால் பருக்குங்கோ. எனக்காகப் பருக்குங்கோ.”

அந்தப் பக்கம் அப்பாவின் மூச்சு கேட்டது. பிறகு அக்கா மெதுவாகச் சொன்னார். “உங்கடை கவலை எனக்கு விளங்குது. ஆனால் வைத்தியர் சொல்லாமல் வாயாலை ஒண்டும் குடுக்கேலாது.”

“அக்கா, இது வகுப்பில்லை. நான்தான் சொல்லுறன், குடுங்கோ.”

“மிஸ்ஸியைக் கூப்பிடுறன்” என்றார். அழுகிறார் என்று குரலில் தெரிந்தது. ஃபோன் நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை.

ஓட்டோவில் அச்சுவேலி தாண்டி, புத்தூர் தாண்டி வந்த அந்த வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். கல் நெஞ்சுக்காரி என்று திட்டினேன். அந்தக் கல்லை யார் வைத்தது என்ற நினைப்பு நீர்வேலி வாழைத்தோட்டங்கள் வரும் வரைக்கும் வரவில்லை. வந்த பிறகு திட்ட வாய் வரவில்லை.

நான் போவதற்குள் அப்பா போய்விட்டார். உதடு காய்ந்து வெடித்திருந்தது. இடது கை நெஞ்சின் மேல், வாய்க்குப் பாதி வழியில் கிடந்தது. ஜன்னல் விளிம்பில் ஒரு கோப்பைப் பால், மேலே ஒரு கரண்டி, சாசரால் மூடியபடி இருந்தது. ஆறிப்போய் ஆடை படிந்திருந்தது.

அக்கா கட்டில் காலோடு நின்றார். “காய்ச்சினனான் ரீச்சர். இரண்டு தரம் கரண்டியை வாய் வரைக்கும் கொண்டு போனனான். அட்டையைப் பாத்தன். நீங்களே வந்து கேட்டாலும் குடுக்கப்படாதெண்டு சொன்னனீங்கள் எல்லே.”

நான் கரண்டியை எடுத்து அப்பாவின் உதட்டில் வைத்தேன். பால் உள்ளே போகவில்லை. கன்னத்தால் வழிந்து தலையணையில் விழுந்தது. அக்காதான் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த கிழமை இல்லத்துக்குப் போனேன். அக்கா வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். வெட்டின பக்கத்தை நான் பாடத்தில் திரும்பச் சேர்த்திருந்தேன். அதைப் படிப்பிக்க அவரையே கூட்டிப்போவது என்று நினைத்துப் புத்தூருக்குப் போனேன். வெங்காயத் தோட்டத்தில் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். வரம்பில் நின்றபடி அழுதேன். வந்து அந்தப் பாடத்தை நீங்களே சொல்லிக் கொடுங்கோ என்று கேட்டேன்.

கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

“எனக்கு அது முந்தித் தெரியும் ரீச்சர். உங்களிட்டை வந்துதான் மறந்தனான்” என்றார். பிறகு வெயில் ஏறுகிறது, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லி, எழும்பிப் போய்ச் செம்பில் கொண்டுவந்து தந்தார்.