சத்தம் நின்றுபோன ஜீப் கதவு

போன ஞாயிற்றுக்கிழமை ஹிஞ்சேவாடியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் குனிந்து நின்று ஒரு ஜீப் கதவின் கீலை மோந்து பார்த்தேன். சிரிக்க வேண்டாம். என் மருமகனுக்குத் திடீரென்று மலை ஏறுகிற வண்டி மேல் ஆசை வந்துவிட்டது. வாரம் முழுக்க கம்பெனிக் காரில் நெரிசலில் உட்கார்ந்து வருகிறவனுக்கு சனிக்கிழமையானால் சேற்றில் வண்டி ஓட்ட வேண்டுமாம். பழைய வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டான். போனேன். என்னைக் கூப்பிட்டது அவன் தப்பு.

விற்கிறவன் நல்ல பையன் மாதிரிதான் இருந்தான். அப்படி இருப்பவர்களைத்தான் நான் நம்புவதில்லை. வண்டி பளபளவென்று இருந்தது. கதவைத் திறந்தான், மூடினான், ஒரு முனகல் இல்லை. மழையிலும் சேற்றிலும் கிடந்த வண்டியின் கதவு இப்படி ஊமையாக இருக்காது. கீலின் அடியில் விரலை விட்டேன். விரல் நுனியில் கறுப்பு மை மாதிரி வந்தது. மோந்தேன். புது எண்ணெய். கதவைப் பாதி திறந்து அடியில் கை கொடுத்துத் தூக்கினேன். கதவு ஆடியது. கீலுக்கு உள்ளே இரும்புப் பின்னைத் துரு தின்றிருக்கிறது, மேலே பெயின்ட் அடித்து, எண்ணெயும் ஊற்றி மறைத்திருக்கிறான்.

"இது எப்ப எண்ணெய் போட்டது?" என்றேன் இந்தியில்.

"ரெகுலரா போடுவேன் ஆன்ட்டி."

"ரெகுலரா போட்டா வாசனை இப்படி இருக்காது தம்பி. இது நேத்துப் போட்டது."

என் மகள் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, ப்ளீஸ். சீன் வேணாம்." அவளுக்குத் தமிழ் அவ்வளவுதான் வரும்.

எண்ணெய் போட்ட கீலைக் கண்டால் எனக்கு ஆகாது. துரு பிடித்து ஊளையிடுகிற கீலை நம்புவேன். சத்தம் இல்லாமல் திறக்கிற கதவுக்குப் பின்னால் யாரோ எதையோ மறைக்கிறார்கள். இதை நான் எங்கள் வீட்டில் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீடு போபோடியில், ரயில் பாதையை நோக்கிச் சரிந்து இறங்குகிற ஒரு சந்தில் இருந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்போம், வேலூர்ப் பக்கத்து வழக்கம். நைனா கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றதும், பட்டாளம் ஏலம் விட்ட ஜீப் ஒன்றை வாங்கி வந்தார். அதில் சாமான் ஏற்றி முள்ஷிப் பக்கத்து மலைப் பாதைகளில் கொண்டு போய் இறக்குவார். லாரி போகாத இடத்துக்கெல்லாம் அது போகும். வீட்டில் சோறு வெந்தது அந்த ஜீப்பால்தான். நான் கசார்வாடியில் ஒரு பட்டறையில் பிரஸ் மிஷினில் உட்கார்ந்து சம்பாதித்தது என் பஸ்ஸுக்கும் செருப்புக்கும் போதும்.

பட்டாளத்து ஜீப்புக்குச் சாவி கிடையாது. சுவிட்சைத் திருப்பினால் உயிர் வரும். யார் திருப்பினாலும் வரும். கதவுகள் இன்னும் மோசம். கீலில் இரண்டு பின் நிற்கும், கதவை அப்படியே மேலே தூக்கினால் கையோடு வந்துவிடும். கட்கி பஜாரில் யாரோ ஒருவர் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் அவர் ஜீப்பின் இரண்டு கதவும் போய்விட்டன என்று கேள்விப்பட்ட அன்று, நைனா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் உப்பு ஜாடியைக் கேட்டார்.

வேறு எந்தக் குடும்பமாவது இப்படிச் செய்திருக்குமா என்று தெரியவில்லை. ஊரெல்லாம் துருவைப் போக்கப் படாத பாடு படும்போது எங்கள் நைனா துருவை வளர்த்தார். ஒரு சொம்புத் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து நாலு கீலுக்கும் ஊற்றினார். காலையில் பல் தேய்த்துவிட்டு ஒரு தடவை, சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஒரு தடவை. துளசிக்கு ஊற்றுகிற மாதிரி.

"சங்கிலி போட்டா போதாதா நைனா?" என்று அண்ணன் கேட்டான்.

"சங்கிலியும் சேத்து எடுத்துகினு போவான். துரு புட்ச்சா எவனாலயும் ஒண்ணும் புடுங்க முடியாது."

பிடித்தது. ஒரு மழைக்காலத்தில் பின்னும் கீலும் ஒன்றாகிவிட்டன. தூக்க முடியாது. திறக்கவும் பாதி முடியாது. இடுப்பால் ஒரு இடி இடித்தால் கதவு ஒரு ஓலம் போடும் பாருங்கள், எதிர்வீட்டு மாவ்ஷி அடுப்படியில் இருந்தே "சேகர் நிகாலா" என்பாள், சேகர் கிளம்பிட்டான் என்று. மாவ்ஷி என்றால் சித்தி, அவள் மராத்திக்காரி. எங்கள் வீட்டில் கறிக்குழம்பு வாசனை வந்தால் கிண்ணத்தோடு வருவாள், அவள் வீட்டில் பூரண் போளி செய்தால் எங்களுக்கு முதலில் வரும்.

சேகர் என் அண்ணன். நைனா ஓட்டிய வண்டியை அவன் ஏன் ஓட்டினான் என்றால், கட்கியில் நைனா ஒரு வாழைப்பழத் தள்ளுவண்டியை இடித்துவிட்டார். ஆளுக்கு அடியில்லை. வெயில் கண்ணைக் குத்திவிட்டது என்றார். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "இனிமே சேகர் ஓட்டுவான். நீங்க உக்காருங்க. அடுத்த தபா வாழப்பழமா இருக்காது." நைனா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. டீயில் ஒரு துளி சர்க்கரை குறைந்தால் கத்துகிற மனிதர், ஸ்டியரிங்கை விடு என்றதும் சரி என்றார். எனக்கு அப்போதே அது பிடிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் ஓலம் நின்றது.

காலையில் அண்ணன் வழக்கம்போல இடுப்பால் இடிக்கப் போய், ஓட்டுகிற பக்கத்துக் கதவு வெண்ணெய் மாதிரித் திறந்து, அவன் நிலைதடுமாறி உள்ளே விழுந்தான். நாங்கள் சிரித்தோம். நைனா சிரிக்கவில்லை. கீலைத் தடவிப் பார்த்துவிட்டுச் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார். "எவனோ எண்ண போட்டுகிறான்! இன்னிக்கு எண்ண, நாளிக்கு கதவு!"

யார் மேல் சந்தேகம் என்று அவர் தேடவே இல்லை. மாவ்ஷியின் மருமகன் பங்கார் கடையில், பழைய இரும்பு வாங்கி விற்கிற கடையில், வேலை பார்த்தான். போதாதா? அவன் சைக்கிளில் போகும்போதெல்லாம் நைனா வாசலில் நின்று, "சோர் லோக்" என்று காற்றைப் பார்த்துச் சொல்வார். திருட்டுக் கும்பலாம். அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டு போனான். அந்த மாதம் எங்கள் வீட்டுக்குப் போளி வரவில்லை. குழாயடியில் மாவ்ஷி என் குடத்தைக் காலால் தள்ளினாள். நானும் தள்ளினேன், சும்மா இருப்பேனா.

ஆனால் எனக்கு அந்தப் பையன் மேல் சந்தேகம் வரவில்லை. திருட வருகிறவன் கீலில் எண்ணெய் போட்டுவிட்டு எதற்கு வீட்டுக்குப் போய்ப் படுக்கிறான்? இரண்டு கதவு இருக்கும்போது ஒரு கதவுக்கு மட்டும் எதற்குப் போடுகிறான்? அண்ணன் மேல் சந்தேகப்பட்டேன். யாரையோ பார்க்கப் போகிறான், நமக்குத் தெரியாமல் கிளம்புகிறான் என்று நினைத்து அவன் சட்டையையெல்லாம் மோந்து பார்த்தேன். வியர்வை நாற்றம்தான் வந்தது. அம்மா என்னைச் சந்தேகப்பட்டாள். வீட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டில் சீக்கிரம் காலியாகிறதாம். என் தலையைத் தடவிப் பார்த்து, "எவ தலைல கொட்றீங்க இத்தினி எண்ணைய?" என்றாள். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் எல்லோரும் எல்லோரையும் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம். சத்தமாகப் பேசியது நைனா மட்டும்தான்.

ஜீப்பும் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. சரிவில் உருளாமல் இருக்க முன் சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டை வைப்போம். அண்ணன் அதைப் படுக்க வைப்பான். திங்கட்கிழமை காலையில் அது நின்றுகொண்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கறிச்சோறு தின்றுவிட்டுச் சந்தே படுத்துவிட்டது. அண்ணன் பஞ்சர் ஒட்டிய டயரை வாங்க நண்பனின் ஸ்கூட்டரில் கசார்வாடிக்குப் போயிருந்தான். வானம் மூடிக்கொண்டு வந்ததால் காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனேன். மேலிருந்து பார்த்தால் நைனா. ஜீப் கதவைத் திறக்கிறார், சத்தமில்லை. கட்டையைக் குனிந்து தள்ளுகிறார். ஏறி உட்காருகிறார். எஞ்சினைப் போடவில்லை. பிரேக்கை விட்டதும் வண்டி தானாகச் சரிவில் நகர்ந்தது. கீழே போய், ரயில் சத்தத்தில் எஞ்சினைக் கிளப்பிக்கொள்வார் போலிருக்கிறது. பட்டாளத்துக்குக் குண்டு செய்த மூளை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சந்து முழுக்கத் திருடன் திருடன் என்று கத்தியது யார்? துணி மூட்டையோடு பின்பக்கப் படியில் இறங்கி, குறுக்கு வழியாக ஓடி, சரிவின் நடுவில் வண்டிக்கு நேர் எதிரே போய் நின்றேன். கையில் அம்மாவின் சிவப்புப் புடவை. ரயிலே நின்றுவிடும். வண்டி நிற்கவில்லை. மெதுவாக வந்துகொண்டே இருந்தது. நைனா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நைனா!"

பிரேக் போட்டார். பம்பர் துணி மூட்டையில் முட்டி நின்றது.

"யாரு?" என்றார்.

நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். "யாருன்னு தெர்ல? பெத்த பொண்ணு நைனா. ஏத்திட்டுப் போயிடு."

"பாப்பாவா? வெயிலு கண்ல குத்துது."

நான் மேலே பார்த்தேன். வெயில் எங்கே இருந்தது? சாம்பல் மாதிரி வானம். ஒரு தூறல் என் மூக்கில் விழுந்தது.

கதவுப் பக்கம் போனேன். அப்போது என் முகத்தைப் பார்க்க அவர் தலையைச் சாய்த்தார், கோழி தானியத்தைப் பார்ப்பது மாதிரி, ஓரக்கண்ணால். அவர் அப்படிப் பார்ப்பதை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். ஏதோ திமிர் என்று நினைத்திருக்கிறேன்.

"எவ்ளோ நாளா இது?"

"ரெண்டு பக்கமும் நல்லா தெரிது பாப்பா. நடுவுலதான் பொகை மாரி. சர்க்கரையாம். டாக்டர் சொன்னான். உங்கம்மா கிட்ட சொல்லாத."

"தெரிஞ்சும் வண்டி எடுத்துகினு எங்க போற?"

"எங்கயும் இல்ல. ரயில் கேட் வரிக்கும். போய்ட்டுத் திரும்பி வந்துடுவேன். கை மறந்துடக் கூடாதுல்ல."

என் பதிலை இங்கே எழுத முடியாது. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். என் சத்தத்தில் சந்து எழுந்துவிட்டது. வண்டியோ சரிவின் நடுவில் குறுக்கே நிற்கிறது. எனக்கு ஓட்டத் தெரியாது. தெரிந்த ஒரே ஆளை ஓட்டவிட மாட்டேன். தூறல் மழையானது.

மாவ்ஷி வாசலில் வந்து நின்று இடுப்பில் கை வைத்தாள். நைனாவின் எண்ணெய்க் கையைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. "காய் ஹோ," என்றாள், "சோர் சாபட்லா கா?" என்னய்யா, திருடன் அகப்பட்டானா?

நைனா கையைச் சட்டையில் துடைத்தார். நான்தான் சொன்னேன், மராத்தியில், கண் போய்விட்டது என்று. மாவ்ஷி கையை இடுப்பிலிருந்து எடுத்தாள். உள்ளே திரும்பி ஒரு கத்து கத்தினாள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் வந்தவன் அந்த மருமகன்தான். பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர். ஒருவனும் ஒன்றும் கேட்கவில்லை. பம்பரில் கை வைத்து மேலே தள்ளினார்கள். நைனாவை யாரும் இறங்கச் சொல்லவில்லை. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நடந்துகொண்டே, "லெப்ட்ல ஒடி, போதும், ரைட்டு, ரைட்டுன்னு சொன்னேன்ல" என்று கத்திக்கொண்டு வந்தேன். முழுக்க நனைந்து, வீட்டு வாசல்வரை அப்படித்தான் வந்தோம். அதுதான் அவர் கடைசியாக ஓட்டியது.

அந்தப் பையனிடம் அவர் மன்னிப்புக் கேட்டாரா என்றால், இல்லை. அந்தப் பழக்கம் அவருக்குக் கிடையாது. அடுத்த ஞாயிறு கறிக்குழம்பில் நல்ல துண்டாகப் பொறுக்கி, தானே தடவித் தடவித் தெருவைக் கடந்து கொண்டுபோய்க் கொடுத்தார். பாதி வழியில் கொட்டிவிட்டார். மாவ்ஷி மிச்சத்தை வாங்கிக்கொண்டு, உப்பு அதிகம் என்றாள். எனக்கு இன்றுவரை அவர் மேல் கோபம் தீரவில்லை. கண் தெரியாததற்கு இல்லை. ஒரு பையன் தலையைக் குனிந்து சைக்கிள் ஓட்டினானே, அதற்கு.

அந்த வாரம் அண்ணன் இன்னொரு கதவின் கீலையும் மண்ணெண்ணெய் ஊற்றித் தட்டிச் சரிசெய்யப் போனான். உள்ளே இருந்து நைனா சொன்னார். "அத வுட்டுடு. நீ போறது எனக்குத் தெரியணும்."

அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தான். அதன் பிறகு அந்தப் பக்கமாகவே ஏறி, உள்ளே நகர்ந்து உட்கார்ந்து ஓட்டினான்.

நைனா போய் வெகுநாள் ஆகிறது. ஜீப்பைப் பங்காருக்குப் போட்டோம். சாலையை அகலமாக்கியபோது மாவ்ஷியின் வீடு முழுசாகவும் எங்கள் வீடு பாதியும் போயின. சரிவு இருந்த இடத்தில் இன்று மெட்ரோ தூண் நிற்கிறது. மாவ்ஷி குடும்பம் எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் இப்போது மகள் வீட்டில், எட்டாவது மாடியில் இருக்கிறேன். இங்கேயும் சந்தேகம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. மூலைக்கு மூலை கேமரா வைத்திருக்கிறார்கள். யார் மேல் என்றுதான் யாரும் சொல்வதில்லை. அதனால் சண்டையும் இல்லை. போன மாதம் மழையில் ஒரு கார் வாசல் ஏற்றத்தில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு கிழவர். நான் குடையைக் கீழே போட்டுவிட்டு, தள்ளுவதற்கு நாலு ஆளைக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். கூப்பிட எனக்கு ஒரு பேர்கூடத் தெரியவில்லை.