காற்றை இறக்கிவிட்ட ஜீப்

நல்லா இருக்கிற டயரில் ஒருத்தன் காற்றைப் பிடுங்கிவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் கத்தினேன். யூட்டா பாலைவனத்தில் தார்ச்சாலை முடிந்து மணல் தடம் தொடங்குகிற இடம். என்னோடு படிக்கும் ஜேக் ஜீப்பை நிறுத்தி இறங்கி, சக்கரத்தோரம் குந்தி வால்வை அழுத்திக்கொண்டிருந்தான். புஸ்ஸென்று சத்தம். "டேய், இன்னாடா பண்ற? வண்டி எப்புட்றா போவும்?" என்று தமிழிலேயே பாய்ந்து அவன் தோளைப் பிடித்து இழுத்துவிட்டேன். மிரண்டுபோனவன், காற்று கம்மியாக இருந்தால்தான் டயர் மணலில் புதையாது என்று பொறுமையாக விளக்கினான். எங்கள் ஊரில் வண்டியை நிறுத்தத்தான் காற்றைப் பிடுங்குவார்கள் என்றேன். "யார், திருடர்களா?" என்றான். இல்லை, என் நண்பன் என்றேன். அவனுக்கு அது ஜோக். பின்சீட்டில் இருந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

நண்பன் பெயர் ஏழுமலை. கள்ளக்குறிச்சியில் ஒரே தெரு, ஒரே கல்லூரி, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பைக். எங்கள் சாதிக்கான இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த சமயம், மறுநாள் காலை சென்னையில் எனக்கு விசா நேர்காணல். நான் ஏறிய பஸ்ஸை உளுந்தூர்பேட்டைக்கு முன்னாலேயே மறித்துவிட்டார்கள். ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். என் ஜன்னலுக்குக் கீழே, டயரில் குச்சியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். ஏழுமலை.

"இன்னா மச்சான், இந்த பஸ்லயா வந்த?"

"நாளைக்கு விசாடா. கொஞ்சம் வழி வுடச் சொல்லு."

"ஒனுக்கும் சேத்துதான்டா ரோட்ல ஒக்காந்துக்கினு இருக்கோம்."

பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "ஏம்பா, மச்சான் மொறையெல்லாம் அப்பறமா கொஞ்சிக்கலாம், மொதல்ல குச்சிய எடு" என்றார். அவன் சிரித்தான், ஆனால் குச்சியை எடுக்கவில்லை. காற்று மொத்தமும் இறங்கிய பிறகு எழுந்து போனவன், பைக்கோடு வந்தான். "ஏறு" என்றான். களமருதூர்ப் பக்கம் கரும்புக் கொல்லை வரப்பு, ஏரிக்கரை, காய்ந்த வாய்க்கால் என்று ரோடே இல்லாத வழியில் ஓட்டி, மறியலைத் தாண்டி என்னை ஒரு லாரியில் ஏற்றிவிட்டான். திரும்பிப் போகும்போது போலீஸ் அவனைத் தனியாகப் பிடித்தது. மற்றவர்களைக் கூட்டமாகக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலமே விட்டுவிட்டார்கள். தனியாகச் சிக்கியவன் மேல் மட்டும் கேஸ். எந்த இடஒதுக்கீட்டுக்காக உட்கார்ந்தானோ, அதில் வேலை வந்தாலும் கேஸ் முடியும் வரை அவனால் சேர முடியாது. இதெல்லாம் நான் இங்கே வந்திறங்கிய பிறகு வேறொருத்தன் சொல்லித்தான் தெரியும். அன்றிலிருந்து நான் கூப்பிட்டால் ஏழுமலை எடுப்பதில்லை.

ஜீப் போகாத இடத்திலிருந்து நடந்தோம். ஸ்லாட் கேன்யன் என்பது பாறையில் வெள்ளம் அறுத்த சந்து. பையைக் கழற்றி, பக்கவாட்டில் திரும்பி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நகர வேண்டும். முதுகிலும் கல், மூக்கிலும் கல், மேலே அரைஞாண் கயிறு அளவுக்கு வானம். ஊர்ப்பக்கம் வெள்ளிமலைக்கு மேலே ஓடைப் பாறைகளுக்குள் நானும் ஏழுமலையும் இப்படி நுழைந்திருக்கிறோம். கல்வராயன் மலையில் எவ்வளவு உள்ளே போனாலும் யாராவது ஆடு ஓட்டிக்கொண்டு எதிரே வந்து "எந்த ஊரு?" என்று கேட்டுவிடுவார்கள். இங்கே ஈ கூட இல்லை. ஓர் இடத்தில் நான் நின்றுவிட்டேன். முன்னால் போன ஜேக் திரும்பி, "யூ ஓகே?" என்றான். "ஓகே" என்றேன். உடனே நடக்கத் தொடங்கிவிட்டான். இங்கே ஓகே என்றால் ஓகேதான், அது அவர்கள் மரியாதை. ஏழுமலையாக இருந்தால், "மூஞ்சப் பாத்தா அப்புடி ஒண்ணும் தெரியலியே" என்று அங்கேயே உட்கார்ந்திருப்பான். மரியாதை ஜாஸ்தியான ஊரில் அழுவதற்குக்கூட ஒரு காரணம் தயாராக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

நெடுஞ்சாலைக்குத் திரும்பியதும் சிக்னல் வந்தது. ஏழுமலைக்கு வாட்ஸ்அப்பில் சந்தின் படத்தை அனுப்பி, "ஒன் தொப்ப இதுல மாட்டிக்கும்டா" என்று எழுதினேன். அப்புறம், இத்தனை நாள் கேட்கப் பயந்ததையும் அடித்தேன்: "கேஸு இன்னா ஆச்சு மச்சான்? வக்கீல் இன்னா சொல்றாரு? நான் இன்னா பண்ணட்டும்?"

நேற்றே நீல டிக் விழுந்துவிட்டது. இப்போது ஏழுமலை ஆன்லைனில் இருக்கிறான்.