டீசலில் நுரை வந்த கதை

"சாவியக் குடுத்தான், சரி. ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தானா?"

வண்டி வாங்கிய நாளிலிருந்து மடிப்பு தினமும் இதைத்தான் சொன்னாள். காலையில் வண்டிக் கதவைத் திறக்கும்போது ஒரு தடவை, சாயங்காலம் சாத்தும்போது ஒரு தடவை. நடுவில் நான் எதிரே வந்தால் எனக்கென்று தனியாக ஒன்று. அந்த வண்டியை விற்ற ஆளுக்கு அந்த மாதம் முழுக்கப் புரை ஏறியிருக்கும். சோறு இறங்கியிருக்காது.

மடிப்பு என் ஓரகத்தி. என் கொழுந்தன் பெண்டாட்டி. கையில் எது கிடைத்தாலும் மடித்து வைப்பாள். பிளாஸ்டிக் பை, பஸ் டிக்கெட், ஒருநாள் என் மகள் வரைந்து காயப் போட்டிருந்த படம். அதனால் வீட்டில் அந்தப் பெயர். அவளும் கொழுந்தனும் லாண்டரி நடத்துகிறார்கள். கீழே லாண்டரி, மாடியில் ஒரு பக்கம் அவர்கள், மறுபக்கம் நாங்கள். மேட்டில் இருக்கும் ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகள்தான் அவர்கள் பிழைப்பில் முக்கால்வாசி. வார்டில் விரிப்பு மாற்றுவதற்கு முன்னால் துணி போய்ச் சேர வேண்டும். வாடகை வண்டிகள் இஷ்டத்துக்கு வந்தன. ஒருவன் வெங்காயம் ஏற்றிய வண்டியைக் கூட்டிப் பெருக்காமல் கொண்டுவந்து நிறுத்தினான். நோயாளிகள் ராத்திரியெல்லாம் வெங்காய வாசனையில் தூங்கினார்கள். அதற்குப் பிறகுதான் செகண்ட் ஹேண்டில் இந்த டீசல் பிக்கப்.

கொழுந்தனுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தாலே உள்ளங்கை வேர்க்கும். மடிப்புதான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதுவரை அவள் ஓட்டியது பெட்ரோல் ஸ்கூட்டர். டீசலும் பெட்ரோல் மாதிரிதான், என்ன, கொஞ்சம் சத்தம் போடும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அது அப்படியில்லை என்று முதல் குளிர்ந்த காலையிலேயே தெரிந்துவிட்டது. சாவியைத் திருகினால் வண்டி இருமியது, கிளம்பவில்லை. தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். என்னைவிட வயதில் பெரியவர், ஆனால் என்னை 'அக்கா' என்பார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"சாவியப் போட்ட உடனே திருகுறியே தங்கச்சி. முன்னாடி சுருள் மாதிரி ஒரு லைட்டு எரியுது பாரு. உள்ள சூடேறுதுன்னு அர்த்தம். அது அணைஞ்சப்புறம் ஸ்டார்ட் பண்ணு."

"அது அழகுக்கு எரியுதுன்னுல்ல நெனச்சேன்?"

"வண்டில அழகுக்குன்னு எரியிறது எதுவும் இல்ல. அழகுக்கு நீ உக்காந்திருக்க, போதும்."

"அண்ணே, இந்த வாய வெச்சுக்கிட்டு எப்படி உங்க வீட்ல சோறு போடுறாங்க?"

"எங்க போடுறாங்க? நானே போட்டுக்கிறேன்."

இப்படித்தான் அவளுக்குப் பாடம் தொடங்கியது. ஏன், எதற்கு என்று கேட்காமல் அவள் எதையும் விடமாட்டாள். ஆயில் மாற்றிய மறுநாளே ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்தாள். கன்னங்கரேல். நேராகப் பட்டறைக்குப் போய் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நேத்து மாத்தின ஆயில் இன்னிக்கு இப்படி இருக்கு. பழசையே திருப்பி ஊத்திட்டீங்களா?"

"துணி ஊறுற உன் தொட்டித் தண்ணி கறுத்தா என்ன சொல்லுவ?"

"துணி வெளுத்திருக்குன்னு சொல்லுவேன்."

"அதேதான். டீசல் இன்ஜின்ல கரி வரும், ஆயில் அதை வாங்கிக்கும். கறுக்கலேன்னாதான் நீ என்கிட்ட சண்டைக்கு வரணும்."

அன்றைக்கு அவள் வாய் மூடியதைப் பார்க்க லாண்டரியே வாசலுக்கு வந்து நின்றது.

முதல் வாரம் விரிப்புகளில் கரும்புள்ளி விழுந்தது. ஓடும்போது புகை சுழன்று பின்பக்கமாகத் திரும்பி வந்து வண்டியின் திறந்த பின்தொட்டிக்குள் விழுகிறது என்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். வெள்ளைத் துணி ஒன்றைப் பின்னால் கட்டி ஓட்டிப் பார்த்தாள். பிறகு வளைகம்பி போட்டு நாலு பக்கமும் தார்ப்பாய் இழுத்துக் கட்டினாள். கீழே மரச்சட்டம் போட்டு, கனமான மூட்டைகளைப் பின்னால் குவிக்காமல் கேபினை ஒட்டி அடுக்கினாள். மேட்டிலிருந்து இறங்கி வந்ததும் உடனே இன்ஜினை அணைக்காமல் கொஞ்ச நேரம் சும்மா ஓட விடுவாள். "ஓடி வந்தவனுக்கு மூச்சு வாங்க நேரம் குடு" என்று மெக்கானிக் சொன்னதாம். கொழுந்தன் மூச்சு வாங்கினால் மட்டும் நேரம் கொடுக்க மாட்டாள்.

இத்தனை ஒழுங்காகப் பார்த்த வண்டிதான் ஒருநாள் மேட்டுப் பாதையில் திணறி நின்றது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பம்மியது. மெக்கானிக் வந்து டீசல் ஃபில்டரை மாற்றினார். வண்டி ஓடியது. துணி லேட். கொஞ்ச நாள் கழித்து அதே மேட்டில் மறுபடியும் நின்றது. மறுபடியும் ஃபில்டர், மறுபடியும் லேட். ஆஸ்பத்திரியில் துணி வாங்கி வைக்கும் ஸ்டோர் அம்மா முகத்தைச் சுளிக்கவில்லை, கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உங்க சலவையில குறையே இல்லம்மா. ஆனா விரிப்பு இல்லாம நான் கட்டில வெச்சு என்ன பண்றது? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கிறோம்."

திரும்பி வந்ததும் மடிப்பு லாண்டரி வாசலிலேயே உட்கார்ந்தாள். கையில் இருந்த ரசீதை மடித்தாள், மடித்தாள், அது குண்டூசித் தலை அளவுக்கு ஆகும்வரை மடித்தாள். ஆஸ்பத்திரி போனால் லாண்டரி போச்சு. கொழுந்தன் இஸ்திரி மேஜையின் நீராவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான்.

பெட்ரோல் பங்கில் டீசலில் கலப்படம் என்றார் மெக்கானிக். பங்கை மாற்றினாள். அடுத்த நடைக்குத் துணைக்கு நானும் ஏறிக்கொண்டேன். மேட்டில் பாதி ஏறியதும் வண்டி என் மடியில் இருந்த டிஃபன் டப்பாவை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது.

"சாவியக் குடுத்தான்..." என்று தொடங்கினாள்.

"அவனை விடு. மெக்கானிக்குக்குப் போன் பண்ணு" என்றேன்.

அவர் தன் பழைய ஜீப்பில் வந்தார். இந்த முறை ஃபில்டரை அப்படியே கழற்றவில்லை. அடியில் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தி, வந்ததை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தார். டீசலில் இருக்கும் தண்ணீர் அந்த ஃபில்டரின் அடியில் தங்கும், அவ்வப்போது திறந்துவிட வேண்டும், தண்ணீர் கீழேயும் டீசல் மேலேயுமாகத் தனித்தனியாக நிற்கும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டே பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

தனித்தனியாக எதுவும் நிற்கவில்லை. ஓட்டல் காப்பி மாதிரி கலங்கலாக இருந்தது.

"இதென்ன எழவு? இத்தன வருஷத்துல நான் இப்படிப் பாத்ததில்ல."

பாட்டிலைக் குலுக்கினார். மேலே நுரை வந்தது. டீசலிலும் நுரை வரும், உடனே அடங்கிவிடும் என்றார். இது அடங்கவில்லை. மூன்று பேரும் நடுரோட்டில் நின்று நுரையை வேடிக்கை பார்த்தோம்.

மடிப்பு விரலை விட்டாள். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தாள், முகர்ந்தாள், மறுபடி தேய்த்தாள். அவள் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது.

"அக்கா, இது வழவழன்னு இருக்கு."

"டீசல் வழவழன்னுதான்டி இருக்கும்."

"இது டீசல் வழவழப்பு இல்ல. இது நம்ம சோப்பு."

மெக்கானிக் அவளைப் பார்த்தார். "டீசல்ல சோப்பு எங்கேருந்து வரும்?"

"நீங்கதான சொன்னீங்க, டேங்க காலியா விடாத, காத்து பூந்துக்கும், சாயங்காலமே நிறைச்சு வெச்சிடுன்னு?"

"ஆமா, சொன்னேன். பங்குல போய் நிறைக்கச் சொன்னேன்."

"தினமும் பங்குக்கு யாரு போறது? லாண்டரியில ஒரு கேன்ல வாங்கி வெச்சு ஊத்துறேன்."

"என்ன கேன்?"

"சோப்புத் திரவம் வர்ற நீலக் கேன். நல்ல கெட்டியான கேனு. நல்லாக் கழுவிட்டுத்தான் ஊத்துவேன். ஒரு கேன் நாறுச்சுன்னா அடுத்த கேன எடுத்துக்குவேன், நமக்குத்தான் வாராவாரம் காலியாகுதே!"

"கழுவின கேன காய வெச்சியா?"

அவள் விரலைத் தார்ப்பாயில் துடைத்தாள். ஊரார் துணியையெல்லாம் காயவைக்கிறவள், கேனைக் கவிழ்த்து ஒரு உதறு உதறியதோடு சரி.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. எண்ணெய்ச் சட்டி கழுவுகிறவளுக்கு இது விளங்காமல் போகுமா? சட்டியில் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் தனியாக மிதக்கும். ஒரு சொட்டு சோப்பு விடுங்கள், இரண்டும் கலந்து வெளுத்துவிடும். டேங்கிலும் அதே கதைதான். சோப்பு தண்ணீரையும் டீசலையும் கட்டிப்பிடிக்க வைத்துவிட்டது. பிரித்து எடுக்க வேண்டிய ஃபில்டருக்குப் பிரிக்க எதுவும் கிடைக்கவில்லை. மேட்டில் கூடுதல் டீசல் கேட்டபோது இன்ஜினுக்குச் சோப்புத் தண்ணீர் போனது.

"வண்டிய உள்ளயும் வெளுத்திருக்க தங்கச்சி. இஸ்திரி மட்டும்தான் பாக்கி" என்றார் மெக்கானிக். சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தார்ப்பாய்க்குள் கையை விட்டு விரிப்புகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, வண்டிய அப்புறம் பாக்கலாம். துணி போகணும்."

"இத இப்ப ஸ்டார்ட் பண்ணக் கூடாது. பம்பு போயிடும்."

"ஸ்டார்ட் பண்ணச் சொல்லல. இழுங்க."

ஜீப்பில் இரும்பு இழுவைக் கம்பி இருந்தது. அதைப் பூட்டிவிட்டு அவர் சொன்னார்: "இன்ஜின் ஓடாதப்ப ஸ்டியரிங் கனக்கும், பிரேக்கு கல்லு மாதிரி இருக்கும். பயந்து விட்டுடாத, முழுக் காலையும் வெச்சு மிதி." ஜீப் வேகம் குறைத்த இடத்திலெல்லாம் அவள் மிதித்தாள். நான் சாமியையும் டிஃபன் டப்பாவையும் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை பின்னால் போகும் புதுப்பெண் மாதிரி எங்கள் பிக்கப் தலையைக் குனிந்துகொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழைந்தது.

ஸ்டோர் அம்மா வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"வண்டிக்கு ஒடம்பு சரியில்ல மேடம். அதான் ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு வந்துட்டேன்."

அந்த அம்மா சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. விரிப்பு சரியான நேரத்தில் வார்டுக்குப் போனது. வேறு ஆள் என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

டேங்கை இறக்கிக் கழுவி, இந்த முறை காயவும் வைத்து, குழாய்களைச் சுத்தம் செய்து, புது ஃபில்டர் போட்டார்கள். பம்பு தப்பித்தது அவள் செய்த புண்ணியம் என்றார் மெக்கானிக். கொஞ்ச நாள் கழித்து ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து பாட்டிலில் பிடித்தபோது கீழே ஒரு விரல் தண்ணீர், மேலே தெளிந்த டீசல், நடுவில் நேராக ஒரு கோடு. மடிப்பு அதை ரொம்ப நேரம் பார்த்தாள். "இஸ்திரி மடிப்பு மாதிரி இருக்கு" என்றாள்.

'சாவியக் குடுத்தான்' புலம்பல் அதோடு நின்றது. இப்போது புதிதாக வண்டி வாங்கியவன் எவனாவது எங்கள் தெருவில் தென்பட்டால் போதும், கூப்பிட்டு நிறுத்தி, பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள். தனக்கு யாரும் சொல்லாததையெல்லாம் ஊருக்குச் சொல்லித் தீர்க்கிறாள்.

நீங்கள் முதல் தடவையாக டீசல் பிக்கப் வாங்குவதாக இருந்தால், சாவியை வாங்கிய கையோடு அவளைப் போய்ப் பாருங்கள். ஆஸ்பத்திரி மேட்டுக்கு அடியில், ஓட்டை போட்ட நீலக் கேன்களில் செடி வைத்திருக்கும் வாசல். ஓட்டை வடிகாலுக்கு மட்டுமல்ல, இனி எவரும் அதில் டீசல் ஊற்றக் கூடாதென்றும்தான். மத்தியானத்துக்கு மேல் போங்கள், அப்போதுதான் நடை முடிந்து வண்டி வாசலில் நிற்கும். கையில் குடை இருந்தால் பத்திரம், மடித்து உள்ளே வைத்துவிடுவாள்.