நையோபியம் ஆறும்வரை

என் தம்பிக்குப் பட்டறையில் ‘நத்தை’ என்று பெயர். சின்ன வயதிலேயே சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைப் போடுவான். வாசல் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்துகொண்டிருந்தவனை இங்கே வெல்டராக எடுத்ததே அந்த நிதானத்துக்காகத்தான். விண்கலத்துக்கு மின்சாரம் தரும் அணு உலையின் குழாய்களை அவன் பற்றவைக்கிறான். அவற்றைக் கழுவித் துடைத்துக் கொடுப்பது நான்.

குழாய், நையோபியம் என்ற உலோகத்தின் கலவை. இரும்பு உருகும் சூட்டிலும் அது உருகாது. ஆனால் சூட்டோடு காற்றுப் பட்டால் நீலம் பாய்ந்துவிடும். பிறகு பிஸ்கட் போல நொறுங்கும். அதனால் ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள், அதிலேயே பொருத்திய ரப்பர் கையுறைகளில் கையை விட்டுத்தான் வேலை.

அன்று கடைசிக் குழாய். கெட்டால் மாற்றுக்கு உலோகம் கிடையாது; மொத்த உழைப்பும் வீண்.

பாதி முடிந்திருந்தது. கையுறையின் சுண்டுவிரல், பற்றவைத்த சூடான இணைப்பில் உரசிவிட்டது. தம்பி சட்டென்று தீப்பொறியை நிறுத்தினான்.

“சார், ரப்பர் ஓட்டை!”

“கையை எடுத்துடாதே, காத்து உள்ளே போயிடும்!” என்று கத்தினார் பக்கத்தில் நின்ற இன்ஜினியர்.

“எடுக்கிற ஆளா இருந்தா உங்ககிட்ட ஏன் சொல்றேன்? கேஸைக் கூட்டுங்க சார்.”

கிழிந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கி முஷ்டியை இறுக்கிக்கொண்டான். இணைப்பு இன்னும் சிவந்திருந்தது. இன்ஜினியர் வாயுவைக் கூட்டிவிட்டு, சூடு காட்டும் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“விரல் வேகுதுடா, விட்டுடு!” என்றேன்.

“நத்தையை அவசரப்படுத்தாதே அக்கா. மூக்கு அரிக்குது, அதைப் பாரு.”

“எந்தப் பக்கம்?”

“ரெண்டு பக்கமும்.”

கையில் இருந்த துணியால் தேய்த்துவிட்டேன்.

“அந்தத் துணியை மறுபடி குழாய்க்கு எடுக்காதே.”

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சிவப்பு மங்கியது. அப்போதும் இன்ஜினியர் தலையாட்டினார்: “இன்னும் இல்ல... இன்னும் இல்ல...” தம்பியின் உதடு வெளுத்துவிட்டது.

“இப்போ எடு!”

விரலோடு ஒட்டியிருந்த ரப்பரைப் பிய்த்துக்கொண்டு கை வந்தது. தண்ணீரில் முக்கியபடியே கேட்டான்: “கலர் என்னக்கா?”

குனிந்து பார்த்தேன். நீலம். என் முகத்தைப் பார்த்த இன்ஜினியர் அருகே வர, நான் விலகினேன். நீலமும் விலகியது. நான் போட்டிருந்த நீலக் கோட்டின் நிறம் கண்ணாடியில் விழுந்திருக்கிறது! குழாய் வெள்ளி போல இருந்தது.

விரல் ஆறி, கையுறையும் மாற்றிய பிறகு மறு பாதியை அவனே பற்றவைத்தான், எப்போதும்போல நத்தையாக. அன்று நான் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு போனேன்.