நாற்பது மணித்தியாலச் சேவை

ஜனாதிபதி சாரணர் விருது என் அலுமாரியில், பழைய போர்வைகளுக்குக் கீழே கிடக்கிறது. இந்த நாட்டில் ஒரு சாரணன் எட்டக்கூடிய மிக உயர்ந்த படி அது. அதை நான் பொய் சொல்லித்தான் வாங்கினேன். சாரணர் சட்டத்தின் முதல் வாசகமே ‘சாரணன் நம்பிக்கைக்குரியவன்’ என்பதுதான். ஆறு வருடம், சனிக்கிழமை தவறாமல், மூன்று விரலை உயர்த்தி அதைச் சொல்லியிருக்கிறேன்.

பதினேழு வயதில் எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை. படிப்பில் என்னை விடக் கெட்டிக்காரர்கள் வகுப்பு நிறைய இருந்தார்கள். கிரிக்கெட்டில் என்னைப் பந்து பொறுக்கக்கூடச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் கயிறும் தடியும் தந்தால் கண்ணை மூடிக்கொண்டு பாலம் கட்டுவேன். அந்தக் காலத்துக் கண்டியில், ஒரு தமிழ்ப் பையன் சிங்களப் பையன்களுக்கு முன்னால் நின்று கட்டளையிடக்கூடிய ஒரே இடம் எனக்குத் தெரிந்து எங்கள் பள்ளிக்கூடத்துச் சாரணர் அறைதான். அங்கே நான் அணித் தலைவன். அந்த ருசி பொல்லாதது.

விருதுக்கு வயதெல்லை பதினெட்டு. ஒக்டோபரில் எனக்குப் பதினெட்டு. பதிவுக் கொப்பியில் ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து விழுந்திருந்தது. முதலுதவி, நீச்சல், பேராதனையிலிருந்து கம்பளைக்கு நடந்துபோன பயணம், எல்லாம் முடிந்துவிட்டது. ஒரே ஒரு பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. ‘இடருற்றோருக்கு நாற்பது மணித்தியாலச் சேவை.’ எங்காவது வெள்ளம் வராதா, மண் சரியாதா என்று காத்திருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், காத்திருந்தேன். கேட்டது கிடைத்தது. எங்கள் வீட்டு வாசலிலேயே கிடைத்தது.

அப்பா கண்டியில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, அம்பிட்டியவில் மேட்டில் ஒரு வாடகை வீட்டில் எங்களைக் குடிவைத்தவர். சாரணியத்தில் அவருக்கு மதிப்பில்லை. “கயிறு முடியிறதுக்கு ஒரு உடுப்பு, அதுக்கு மேல ஒரு தொப்பி” என்பார். தமிழர் வீடுகளை எரித்த முந்திய கலவரத்துக்குப் பிறகு எங்களைப் போன்ற வீடுகளில் ஒரு பை தயாராக இருக்கும். எங்களுடையது முன்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அப்பாவின் நியமனக் கடிதம், எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ்கள், ஊர்க் காணியின் உறுதிப் பத்திரம் எல்லாம் அதற்குள் இருந்தன. ஓட வேண்டி வந்தால் யார் எதை எடுப்பது என்று ஒழுங்கு எழுதியவன் நான். ‘தயாராயிரு’ என்பதல்லவா எங்கள் குறிக்கோள்! அப்பா அடுப்பையும் மின்சாரத்தையும் நிறுத்த வேண்டும், அம்மா நகையையும் மருந்தையும் எடுக்க வேண்டும், நான் பையை எடுக்க வேண்டும். இரண்டு தரம் ஒத்திகையும் பார்த்தோம். அம்மா சிரித்துக்கொண்டே ஓடினார். அப்பா மணிக்கூட்டைப் பார்த்தார்.

அந்த எண்பத்துமூன்று ஜூலையில் நகரத்துக் கடைகள் எரிந்த மத்தியானம், கீழே சந்தியில் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா வேலிக்கு மேலால் இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிட்டார். அப்பா அடுப்பை அணைத்தார். அம்மா நகையை மடியில் கட்டினார். நான் அறைக்குள் ஓடி, மேசையிலிருந்த பதிவுக் கொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வேலியைப் பாய்ந்தேன். அவ்வளவுதான் நடந்தது. பயத்தில் பை ஞாபகம் வரவில்லை என்று பல வருடம் சொல்லிவந்தேன். ஞாபகம் வந்தது. முதலில் கொப்பி, பிறகு பை என்று நினைத்தேன். பிறகு என்று ஒன்று இருக்கவில்லை.

அந்த அம்மாவின் குசினிக்குள் மூன்று பேரும் குந்தியிருந்தோம். எங்கள் கூரை ஓடுகள் வெடிப்பது கேட்டது. அப்பா என்னைப் பார்த்து, “பை?” என்றார். நான் சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினேன். பழுப்பு மாட்டுத்தாள் உறை போட்ட கொப்பியை அவர் வாங்கிப் புரட்டினார்.

“உன்ர கையெழுத்தெல்லாம் பத்திரமோ?”

அதற்குப் பிறகு அவர் பையைப் பற்றிப் பேசவேயில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் பொலிஸ் லொறியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார்கள். இறங்கிப் பார்த்தால் என் பள்ளிக்கூடம். அகதி முகாம் அங்கேதான். நான் இரசாயனம் படித்த அறையில் ஆறு குடும்பம், எங்களோடு ஏழு. சாரணர் அறையில் என் சீருடை தோய்த்து அழுத்தியபடி தொங்கிக்கொண்டிருந்தது. எரிந்த வீட்டிலிருந்து வந்தவர்களுக்குள் மடிப்புக் கலையாத உடுப்பு எனக்கு மட்டும்தான் இருந்தது. போட்டுக்கொண்டேன். போட்டவுடன் நான் அகதி இல்லை என்பதுபோல ஒரு திமிர் வந்துவிட்டது.

வேலை செய்தேன், அதில் பொய்யில்லை. கக்கூசுக்குக் குழி வெட்டினேன். சாப்பாட்டு வரிசை முண்டியடிக்காமல் கயிறு கட்டினேன். கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு அக்காவுக்கு முழங்கைக்குக் கீழே நெருப்புச் சுட்டிருந்தது. தினமும் கட்டை அவிழ்த்து, கழுவி, மருந்து போட்டுக் கட்டினேன்.

“தம்பி டாக்டருக்குப் படிக்கிறீங்களா?” என்று கேட்டார்.

“இல்லை, அக்கா. சாரணன்.”

“அப்படின்னா என்னாங்க?”

அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. மனதுக்குள் மணித்தியாலங்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முப்பத்தொன்று.

நாங்கள் ‘சேர்’ என்று கூப்பிடும் எங்கள் சாரண ஆசிரியர் சிங்களவர். நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. ஊரடங்கு தளர்ந்ததும் எங்கள் அணிப் பையன்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு முகாமுக்கு வந்தார். அவர்கள் பாண் வெட்டிப் பங்கிட்டார்கள், தண்ணீர் சுமந்தார்கள், பின்னேரம் வீட்டுக்குப் போனார்கள். போகுமுன் அவரவர் கொப்பியில் அவர் கையெழுத்து வைத்தார். நானும் என்னுடையதை நீட்டினேன். அவர் பேனையை மூடினார்.

“மகன், இதைச் சாரணர் ஆணையாளர் ஏற்க மாட்டார். முகாமில் இருப்பவன் முகாமைக் கூட்டினால் அது சேவை இல்லை. தன் வீட்டைத் தான் கூட்டுவது மாதிரி.”

“எனக்கு வீடு இல்லையே, சேர்.”

அவருக்கு முகம் சிவந்தது. கொஞ்ச நேரம் சாரணர் அறைக்குள் அங்குமிங்கும் நடந்தார். பிறகு ஒரு வழி சொன்னார். முகாம் பட்டியலிலிருந்து என் பெயரை வெட்டிவிட வேண்டும். விலாசம் என்ற இடத்தில் அவர் வீட்டு விலாசத்தை எழுத வேண்டும். அவர் வீட்டிலிருந்து நான் தினமும் வந்து தொண்டு செய்கிறேன் என்று அவர் கையெழுத்து வைப்பார். “உன்னிடம் இது ஒன்றாவது மிஞ்சட்டும்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. உண்மையில் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அந்த இரக்கத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

விலாசத்தை நானே எழுதினேன். எழுத்து நடுங்கவில்லை, அழகாக இருக்கிறது.

பட்டியலில் மூன்று பேராக இருந்த எங்கள் குடும்பம் இரண்டு பேரானது. அன்று மத்தியானம் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு சோற்றுப் பார்சல் தந்தார்கள். அப்பா பிழை பிடிக்கப் போனார். பட்டியலைக் காட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்து என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் தன் பார்சலை என் பக்கம் தள்ளிவிட்டு எழும்பிப் போனார்.

“அவருக்குப் பசியில்லையாம், நீ சாப்பிடு” என்றார் அம்மா. நான் சாப்பிட்டேன். மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்தது என்பார்கள். எங்கள் வீட்டில் அந்த மாடு நான்தான்.

ஒரு வாரம் கழித்து ஆணையாளர் வந்தார். விருதுக்கு முன்னர் ஒருதரம் நேரில் பார்த்து விசாரிப்பது வழக்கம். மத்தியானச் சாப்பாட்டு நேரம். வரிசை நீளமாக நின்றது. நான் கட்டிய கயிற்றைத் தொட்டுப் பார்த்தார், முடிச்சு நன்றாக இருப்பதாகச் சொன்னார். கொப்பியைப் புரட்டினார்.

“எங்கேயிருந்து வருகிறாய்?” என்று சிங்களத்தில் கேட்டார்.

மூன்று முழத் தூரத்தில், கயிற்றுக்கு மறுபக்கம், அப்பா நின்றார். நாலு நாள் தாடி. யாரோ தந்த நீலச் சட்டை, அதன் கை அவருக்குக் குட்டை. இருபது வருடம் கந்தோரில் சிங்களத்தில் வேலை பார்த்தவர், ஒரு சொல் தவற விடமாட்டார்.

நான் சேரின் வீட்டு விலாசத்தைச் சொன்னேன். தெருவின் பெயர், இலக்கம், எல்லாம் சொன்னேன்.

ஆணையாளர் தலையாட்டினார். பிறகு, அவருக்கு என்ன தோன்றியதோ, வரிசையின் பக்கம் திரும்பினார். இத்தனை பேர் நின்ற வரிசையில் அவர் கண் அப்பாவில்தான் விழுந்தது. “இந்தப் பையனால் உங்களுக்கு உதவி கிடைக்கிறதா?” என்று கேட்டார். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கம் நான் ஆசைப்பட்டதும் உண்மை.

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருவனைப் பார்ப்பதுபோலவே பார்த்தார்.

“நல்ல பிள்ளை, மாத்தயா,” என்றார். “யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக வளர்த்திருக்கிறார்கள்.”

ஆணையாளர் அந்த இடத்திலேயே கையெழுத்து வைத்தார்.

முகாமைக் கலைத்த பிறகு நகரத்துக்குள் ஒரு அறை எடுத்து இருந்தோம். அப்பா தான் பிறந்தவர் என்பதையும், வேலையில் சேர்ந்தவர் என்பதையும் நிரூபிக்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். பை இருந்திருந்தால் ஒரு நாள் வேலை. ஊர்க் காணியின் உறுதிக்குப் பிரதி எடுக்க யாழ்ப்பாணத்துக்கு மூன்று தரம் போய் வந்தார், கடைசி வரை கிடைக்கவில்லை. ஒவ்வொரு தரமும் திரும்பி வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, என்னிடம் படிப்பு எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்பார்.

விருது விழாவுக்கு அழைப்பிதழ் வந்தது. பெற்றோர் மேடைக்கு வந்து பிள்ளைக்குச் சின்னத்தைக் குத்திவிடுவது வழக்கம். அம்மா சேலை கூட எடுத்து வைத்துவிட்டார். நான் அழைப்பிதழை அப்பாவின் கையில் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாக வாசித்தார். பிறகு மடித்து என்னிடமே தந்தார். கோபமாகச் சொல்லவில்லை. தெரியாத ஒன்றைக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

“நான் வந்தா, என்னை ஆரெண்டு சொல்லப் போறாய்?”

அம்மா சேலையைத் திரும்ப மடித்து வைத்தார். மேடையில் சேர்தான் எனக்குச் சின்னத்தைக் குத்திவிட்டார். அந்தப் படம் இன்னும் இருக்கிறது. பார்ப்பவர்கள் அவரை என் அப்பா என்றுதான் நினைப்பார்கள், நான் எழுதிக் கொடுத்த விலாசமும் அப்படித்தான் சொல்கிறது.