மண்டியிட்டு வாங்கிய பேட்ஜ்

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் படிக்கும் என் மகள் நேற்று போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கழுத்தில் பொன்னிறத் துண்டு, கையில் சான்றிதழ். "அம்மா, என்னை ஆனர் சொசைட்டில சேத்துட்டாங்க!" நல்ல மார்க் வாங்குகிறவர்களுக்கான சங்கம், பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் மூக்கில் ஏனோ மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் வாசம் அடித்தது. நானும் ஒரு காலத்தில் ஆனர் சொசைட்டி மெம்பர்தான். சிரிக்காதீர்கள்.

ராணுவ அரசு பல்கலைக்கழகங்களை இழுத்துப் பூட்டியிருந்த வருடங்கள் அவை. ரங்கூனில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு டிப்ளமோ காலேஜ் வாசலில்தான் விழ வேண்டும். எங்களுடையது தின்கன்ஜூனில், ஒரு மொஹிங்கா கடைக்கு மேல் மாடியில். கீழே மீன் குழம்பு கொதிக்க, மேலே நாங்கள் ஆபீஸ் நிர்வாகம் படித்தோம். பிரின்சிபால் ஊ சான் மவுங், வீட்டில் சண்முகம். தமிழ்ப் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு அதட்டும்போது மட்டும் அவருக்குத் தமிழ் வரும்.

அவருடைய மச்சான் அமெரிக்காவிலிருந்து ஒரு காலேஜின் விளம்பரப் புத்தகம் கொண்டுவந்தார். அதில் அங்கி போட்ட பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு வரிசையாக நின்றார்கள். அவ்வளவுதான், எங்களுக்கும் ஒரு ஆனர் சொசைட்டி பிறந்துவிட்டது. யாருக்கும் படிக்கத் தெரியாத மூன்று கிரேக்க எழுத்துகள் அதற்குப் பெயர். போர்டு எழுதியவர் அதில் ஒன்றைத் தலைகீழாக எழுதினார். அங்கிகள் போட்டோ ஸ்டுடியோவில் வாடகைக்கு வந்தன. மெழுகுவர்த்தி மட்டும் எங்களுக்குப் புதிதில்லை, கரன்ட் போகாத நாள் ஏது?

மார்க்கில் முதல் ஒன்பது பேருக்குத்தான் இடம். பர்மாவில் நல்ல காரியம் என்றால் ஒன்பதுதான். என் சிநேகிதி ஜமீலா முதலாவது, நான் பத்தாவது. விளையாட்டாக நினைக்காதீர்கள், சேர்ந்தவர்களுக்கு ஒரு பெரிய ஹோட்டலில் வேலை என்று பேச்சு. அந்த ஹோட்டல் மேனேஜரே விழாவுக்கு வருவதாக இருந்தது.

அமெரிக்கச் சடங்கு மட்டும் போதாது என்று பிரின்சிபால் எங்கள் ஊர்க் 'கடோ'வையும் அதில் சேர்த்தார். ஆசிரியர்கள் முன் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட மூன்று முறை கும்பிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் கடோ நடக்கும் நாளில் ஜமீலா பின்னால் ஒதுங்கி நிற்பாள், சயாமாக்கள், அதாவது டீச்சர்கள், கண்டுகொள்ள மாட்டார்கள். இவர் கண்டுகொண்டார். ஒத்திகையன்று எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"நின்னுக்கிட்டே தலை குனிஞ்சு சலாம் சொல்றேன் சயா. நெத்திய தரையில வைக்கிறது அல்லாவுக்கு மட்டும்தான்" என்றாள் ஜமீலா.

"அஞ்சு நிமிச வேலம்மா. போட்டோல நீ மட்டும் கம்பம் மாதிரி நின்னா நல்லாவா இருக்கும்?"

அவர் என் பக்கம் திரும்பி, "நீ செய்வியா?" என்றார்.

நான் காளியம்மனையும் கும்பிடுவேன், புத்தர் பகோடாவையும் கும்பிடுவேன், பரீட்சைக்குப் போகும்போது வழியில் வரும் ஆலமரத்தையும் கும்பிடுவேன். "எனக்கென்ன சயா, செய்றேன்" என்றேன். ஜமீலா என் பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

படியிறங்கும்போது அவள்தான் என்னைத் தேற்றினாள். "போய்ட்டு வாடி. முடிய நல்லா இறுக்கிக் கட்டிக்க, குனியும்போது அவுந்துரும்."

முடி அவிழவில்லை. பேட்ஜ் கிடைத்தது, ஹோட்டலில் வரவேற்பு மேஜையும் கிடைத்தது. வகுப்பில் முதலாக வந்தவள் வாப்பாவின் குடைக் கடையில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் போகாமல் இருக்க நான் பஸ்ஸை மாற்றிக்கொண்டேன்.

மாடியில் இப்போது குடித்தனங்கள் இருக்கின்றன. கீழே மொஹிங்காவுக்குப் பதில் செல்போன் விற்கிறார்கள். பிரின்சிபால் ஆஸ்திரேலியாவுக்குப் போய் மறுபடி சண்முகமாகிவிட்டதாகக் கேள்வி. அந்தச் சங்கம் இரண்டாவது வருடத்தைப் பார்க்கவில்லை.

பல வருடங்கள் கழித்து, இன்சீன் போகும் ரயிலில் ஜமீலா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. "ஜமீலா, எப்படிடி இருக்க?" என்றேன். அவள் புன்னகைத்து, "அமா, நேக்கவுன் லா?" என்றாள். அக்கா, சௌக்கியமா என்று அர்த்தம். இருவருக்கும் ஒரே வயது. நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் அவள் பர்மியில், மிக மரியாதையாக, பதில் சொன்னாள். இறங்கும்போதும் மரியாதையாகவே விடைபெற்றாள். அன்று மாடிப்படியில் அவள் சொன்னதோடு சரி, இந்த ரங்கூனில் என்னை யாரும் வாடி என்று கூப்பிட்டதில்லை.