சாச்சாவுக்கு மகளாக இருந்த பின்னேரம்

எங்கள் ஊரில் ஆண்களுக்கு வீடு கிடையாது. சாய்ந்தமருதில் பிறந்த ஆண், கடை முதலாளியாக இருந்தாலும் கந்தோரில் பெரிய கதிரையில் இருந்தாலும், உம்மாவின் வீட்டில் வளர்ந்து மனைவியின் வீட்டில் கிழவனாகிறவன்தான். வீடு பெண்ணுக்குரியது. பெண் பிள்ளை பிறந்த கிழமையே தகப்பன் சீமெந்து விலை விசாரிக்கத் தொடங்கிவிடுவார். பிறகு ஒரு நாள் மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேருவார். வீடு அவருக்கு முன்பே அங்கே காத்துக்கொண்டு நிற்கும்.

இந்த ஒழுங்கில் தவறிப்போனவர் என் உம்மா. நான்கு பெண்களில் அவர் கடைசி. மூத்த மூன்று பேருக்கும் கட்டிக் கொடுத்துக் களைத்துப்போன அவருடைய வாப்பா, கடைசி மகளுக்கு வாக்கு மட்டும் கொடுத்துக் கலியாணத்தை முடித்தார். அத்திவாரம் வெட்டுவதற்குள் மௌத்தாகிவிட்டார். வாக்குக்குள் குடியிருக்க முடியாது. ஆகவே உம்மாவும் வாப்பாவும் உம்மாவின் ராத்தாவான பெரியம்மாவின் வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தார்கள். கொஞ்ச நாளைக்கு என்று போனது பதின்மூன்று வருடமாயிற்று. காக்கா, நான், தம்பி மூவரும் அந்த ஓர் அறைக்குத்தான் பிறந்து வந்தோம். பெரியம்மா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இருந்தாலும் உம்மா அந்த வீட்டில் இருமுவதைக்கூட அளந்துதான் இருமுவார். உம்மாவின் குரலே அவ்வளவுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாப்பா ஏழு வருடம் கட்டாரில் லொறி ஓடினார். எனக்கு விபரம் தெரிந்த காலத்தில் வாப்பா என்பவர் வெள்ளிக்கிழமைகளில் போனுக்குள் இருந்து கதைக்கிற ஒருவர். இரண்டு வருடத்துக்கொரு தடவை லீவில் வருவார், நாங்கள் கூச்சம் தெளிவதற்குள் போய்விடுவார். நான் ஐந்தாம் ஆண்டில் படிக்கும்போது ஒரேயடியாகத் திரும்பி வந்தார். வாப்பா என்று நாளெல்லாம் நேரில் கூப்பிடக் கிடைத்த அந்தப் புதுச் சந்தோசத்தில், வேலை இல்லாவிட்டாலும் சும்மா கூப்பிட்டுக்கொண்டு திரிந்தேன்.

வாப்பா வந்தது வீடு வாங்க. கட்டுவதற்கு ஊரில் வளவு இல்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கோழி ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான். கட்டிய வீட்டை விற்கிறவர்களோ அருமை, மகள்களின் வீட்டை யார் விற்பார்கள்? அப்படியிருக்க, பெரிய வீதிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் ஒரு வீடு விலைக்கு இருக்கிறதாம் என்று சாச்சா செய்தி கொண்டுவந்தார். உம்மா அன்று சோற்றை இரண்டு தடவை குழையவிட்டார்.

சாச்சா என்பது வாப்பாவின் தம்பி. கல்முனை பஸாரில் ஹாட்வெயார் கடை வைத்திருந்தார். உலகத்தில் நடக்கிற எந்தக் கொடுக்கல் வாங்கலிலும் ஒரு சூட்சுமம் இருக்கும், அது தனக்கு மட்டும் தெரியும் என்று நம்புகிறவர். வீடு பார்க்கப் போவதற்கு முதல்நாள் எல்லோரையும் இருத்திவைத்து, தன் காக்காவான வாப்பாவிடம் அந்தச் சூட்சுமத்தை வெளியிட்டார்.

“காக்கா, பொம்பளப் புள்ள இரிக்கெண்டு மட்டும் வாயத் துறந்திராதீங்க. குமருக்கு ஊடு தேடுறவன், என்ன வெல சொன்னாலும் வாங்காமப் போகமாட்டான் எண்டு அவங்களுக்குத் தெரியும். ரெண்டும் ஆம்பிளப் புள்ள எண்டே சொல்லுவம்.”

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையை அவர் கலியாணத்துக்கு நிற்கிற குமர் கணக்கில் சேர்த்தது எனக்குப் பெருமையாக இருந்தது. அதே பேச்சில் என்னைக் குடும்பத்திலிருந்து கழித்துவிட்டார் என்பது பிறகுதான் உறைத்தது. என்னைப் பெரியம்மாவிடம் விட்டுப்போவதென்று முடிவானது. நான் விடவில்லை. வீடு பார்க்க நானும் வருவேன் என்று கத்திய கத்தலில் ஒழுங்கையே எட்டிப் பார்த்தது. கடைசியில் சாச்சாவே ஒரு வழி சொன்னார். நான் வரலாம், ஆனால் அவருடைய மகளாக வரவேண்டும். அவரை வாப்பா என்றும், வாப்பாவைப் பெரியவாப்பா என்றும், உம்மாவைப் பெரியம்மா என்றும் கூப்பிடவேண்டும். சாச்சாவுக்குக் கலியாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. ஒத்திகை பார்க்க வேண்டும் என்று அன்று முழுக்க என்னைக் கொண்டு தன்னை வாப்பா என்று கூப்பிட வைத்தார். அவ்வளவு ஒத்திகை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. உம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு போனோம். இரும்புக் கேற்றைத் திறந்து உள்ளே கால் வைத்ததுமே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். இன்றைக்குப் பார்த்தால் அது சாதாரண வீடுதான், சுவரில் அங்கங்கே உப்புப் பூத்திருக்கும். அன்றைக்கு எனக்கு அது முடிவில்லாமல் போனது. ஒரு ஹோல், அதற்குள்ளிருந்து இன்னொரு ஹோல். மூன்று அறைகள், மூன்றுக்கும் கதவுகள், கதவுகளுக்குப் பூட்டுகள். வீட்டுக்குள்ளேயே தண்ணீர்ப் பைப். ஆண்கள் கதிரைகளில் இருந்து ஊர்க்கதை தொடங்க, உம்மா குசினி வாசலில் நின்றபடி உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரரின் மனைவியை மாமி என்று கூப்பிடச் சொன்னார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளை முக்காடு, இடுப்பில் சாவிக்கொத்து. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆர்ர மகள் நீ?”

நான் சாச்சாவைக் காட்டினேன். வாப்பா அந்த நேரம் சுவர்க் கடிகாரத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி என்னை மட்டும் கூட்டிக்கொண்டு அறை அறையாகத் திறந்து காட்டினார். இது மூத்த மகனின் அறை, அவன் இப்போது மருதமுனையில் பெண்சாதி வீட்டில். இது இரண்டாம் மகனுடையது, அவன் பாலமுனையில். மூன்றாம் மகனுக்குப் போன வருடம்தான் கலியாணம் நடந்தது, அவன் இருப்பது ஒலுவிலில். அறைகளில் கட்டில்கள் விரிப்போடு இருந்தன, ஆட்கள் இல்லை. இவ்வளவு இடத்தை இரண்டு பேர் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு ஒரே வியப்பு. மூன்றாவது அறையில் நான் கதவின் சாவியைத் தொட்டுப் பார்த்ததைக் கண்டு, “பூட்டிப் பாக்கப்போறியா? பூட்டு” என்று சொல்லி மாமி வெளியே நின்றுகொண்டார்.

பூட்டினேன். சாவி திரும்பிய சத்தத்துக்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. நான் மட்டும் இருந்த முதலாவது அறை அதுதான். அதுவரை என் தூக்கத்தில்கூடத் தம்பியின் கால் இருக்கும். யன்னலால் விழுந்த வெளிச்சம் நிலத்தில் நீளமாகக் கிடந்தது, அதை மிதிக்கப் பயந்து சுவரோடு ஒட்டி நின்றேன். பள்ளிவாசலுக்குள் நிற்கிற மாதிரி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். யா அல்லாஹ், இந்த வீட்டை எங்களுக்குத் தா என்று கேட்டேன். என் வாழ்க்கையில் எவரும் சொல்லித் தராமல் நானாகக் கேட்ட முதல் துஆ அது.

பிறகு மாமி என்னை மேலே கொங்கிறீட் தட்டுக்குக் கூட்டிப்போனார். கிழக்கே தென்னைகளுக்கு மேலால் கடல் எழும்பி நின்றது. மேற்கே ஊர் முடிந்து வயல் தொடங்கி, கண் எட்டும் வரைக்கும் பச்சை. பெரியம்மாவின் வீடு எங்கேயென்று தேடினேன். ஓடுகளுக்கு நடுவே ஓர் ஓடாக எங்கேயோ இருந்தது. நாங்கள் ஐந்து பேரும் அத்தனை காலம் அதற்குள் இருந்தோம் என்பதை நம்ப முடியவில்லை.

நாங்கள் கீழே இறங்கும்போது விலை பொருந்திவிட்டது. சாச்சா வாப்பாவின் முழங்காலைத் தன் முழங்காலால் இடித்துக்கொண்டிருந்தார். தன் சூட்சுமம் பலித்த மகிழ்ச்சி அவர் காது வரைக்கும் இருந்தது. வீட்டுக்காரர் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். மாமி தேத்தண்ணித் தட்டோடு வந்து உம்மாவின் முன்னால் நின்று கேட்டார்: “ஒங்களுக்கு எத்தின பொம்பளப் புள்ள?”

உம்மா வாப்பாவைப் பார்த்தார். சாச்சா முந்திக்கொண்டார். “காக்காக்குப் பொம்பளப் புள்ள இல்ல மாமி. ரெண்டும் ஆம்பிளதான், மாஷா அல்லாஹ்.”

மாமி தட்டை மேசையில் வைத்தார். “அப்ப நான் விக்கல்ல.”

வீட்டுக்காரர் பதறிப்போய் எழும்பினார். ஆனால் அவர் என்ன சொல்ல முடியும்? அந்த வீடு மாமியின் சீதனம், உறுதிப் பத்திரமும் மாமியின் பெயரில். ஆண்களுக்கு வீடில்லாத ஊரில், மூன்று ஆண்கள் கூடியிருந்து, உடைமைக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டை விற்று வாங்கி முடித்திருந்தார்கள்.

“மூணு ஆம்பிளப் புள்ள வளத்தன்,” என்றார் மாமி. அவர் கோபப்படவில்லை. “மூணும் பெட்டியத் தூக்கிட்டுப் பொஞ்சாதி ஊட்ட போயிட்டானுகள். அது குத்தமில்ல, நம்மட ஊர் வழக்கம். ஒங்கட ரெண்டும் அப்பிடித்தான் போகும். மறுகா இந்த ஊட்ட ஆர் இரிக்கிற? இஞ்ச ஒரு பொம்பளப் புள்ள வளந்து, இஞ்சயே மாப்பிள எடுத்து இரிக்கோணும். அப்பிடி ஆக்களுக்குத்தான் நான் குடுப்பன்.”

சாச்சா என்னைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார், தேத்தண்ணியைப் பார்த்தார். பொய் சொன்னோம் என்று இப்போது எந்த வாயால் சொல்வது? நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். பூட்டிப் பார்த்த அந்த அறை கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

“மாமி, அது எங்கட மகள்.”

யார் பேசியது என்று எனக்கு ஒரு கணம் தெரியவில்லை. உம்மாவின் குரல் அந்த ஹோலின் அடுத்த சுவர் வரைக்கும் போய்த் திரும்பியது. “வெல கூடிப்போகும் எண்டு பொய் சொல்லிட்டுத்தான் வந்த நாங்க. பதிமூணு வருசமா நான் என்ட ராத்தாட ஊட்ட இரிக்கன், மாமி. எனக்கெண்டு ஒரு அடுப்பில்ல. மாப்புத் தாங்க.”

மாமி வாப்பாவின் பக்கம் திரும்பினார். “தம்பி, பெத்த புள்ளய இல்லெண்டு சொல்லியா என்னட்ட ஊடு வாங்க வந்த நீங்க?”

வாப்பாவின் கண் கலங்கிவிட்டது. அவர் என் பக்கம் கையை நீட்டினார். நான் ஓடிப்போய், மடியில் ஏறுகிற வயதில்லை என்பதையும் மறந்து ஏறி, வாப்பா என்றேன். அவரை அப்படிக் கூப்பிடாமல் ஒரு மணித்தியாலம்தான் இருந்திருப்பேன். அதுவே பெரிய பசியாக இருந்திருக்கிறது. சாச்சா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமி என்ன முடிவு சொல்வாரோ என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

“குடுக்கிறன். பேசின வெலக்கே குடுக்கிறன். ஆனா உறுதிய இந்தப் புள்ளட பேர்லதான் எழுதோணும், வேற ஆர்ர பேர்லயும் ஏலா. இனி ஒருக்கா இவவ இல்லெண்டு சொல்ல ஒங்களுக்கு ஏலாமப் போகோணும்.”

வாப்பாவும் சாச்சாவும் ஒரே நேரத்தில் உம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உம்மா என் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். ஒதுக்குவதற்கு அங்கே மயிர் கலையவே இல்லை.

“ஓம் மாமி,” என்றார். “அவட பேர்லயே எழுதுங்க.”

அடுத்த மாதம் நொத்தாரிசின் கந்தோரில் அந்த உறுதியை வாசித்தார்கள். நான் சின்னப் பிள்ளை என்பதால் எனக்காக வாப்பா ஒப்பம் வைத்தார். வடக்கே இன்னாருடைய வளவு, கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாருடைய மதில் என்று நொத்தாரிசு ஒவ்வோர் எல்லையாகச் சொல்லிக்கொண்டு போக, நடுவிலே என் முழுப் பெயர் வந்தது. பள்ளிக்கூட இடாப்பில் தவிர வேறெங்கும் நான் கேட்டறியாத பெயர். இனிப் பக்கத்து வீட்டுக்காரர் உறுதி எழுதினால் அவர்களுடைய எல்லையாக என் பெயர் வரும் என்று நொத்தாரிசு சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு மனிதப் பிள்ளை எல்லையாக முடியும் என்பது எனக்குப் பெரும் அதிசயமாக இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் எல்லை நகர்ந்துவிடாமல் மெதுவாக நடந்தேன்.

குடிபோன அன்று பால் காய்ச்சி, யாசீன் ஓதி, ஒழுங்கைக்கெல்லாம் பகிர்ந்தோம். மாமியும் வந்து எனக்கு இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டுப் போனார். பின்னேரம் சாமான்கள் வந்து இறங்கின. சாச்சாவும் காக்காவும் உம்மாவின் தையல் மெசினைத் தூக்கி ஹோலின் நடுவே வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். உம்மா சுற்றிவரப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“மகள், இத எங்க வைக்கட்டும்?”

நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தேன். பெரிய மனது பண்ணி, “ஒங்களுக்கு விருப்பமான இடத்துல வைங்க உம்மா,” என்று உத்தரவு கொடுத்தேன். காக்காவும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உம்மாவும் சிரித்தார். வாப்பா மட்டும் கேற்றைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார், கேற்று ஏற்கெனவே பூட்டித்தான் கிடந்தது.

ராத்தாவின் வீட்டிலிருந்து மகளின் வீட்டுக்கு வந்திருந்தார் உம்மா. ஹோலில் நின்ற பெரியவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. எனக்கு மட்டும், உம்மா விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று இருந்தது.